இடது பக்கத்துக் குரல்

காலை ஒன்பது மணி நான்கு நிமிடம். சமையலறையில் ஃபிரிட்ஜின் மேல் இருந்த ஸ்டெபிலைசரின் சிவப்பு விளக்கு அணைந்ததைத்தான் முதலில் பார்த்தேன். அடுத்த விநாடி தறிகள் நின்றன. எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் பன்னிரண்டு தறி, பின்பக்கம் எட்டு. அதற்கு அப்பால் எத்தனை என்று நான் எண்ணியதில்லை. மனைவியின் ஆசிரியர் வேலைக்காகக் குமாரபாளையத்துக்குக் குடிவந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சத்தம் இப்போதெல்லாம் நின்றால்தான் காதில் விழுகிறது.

கூடத்தில் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹெட்போன். சேலத்திலிருந்து ஆறேகால் பேருந்தில் வந்திருந்தாள். காபியைக் குடிக்காமலே ஆற விட்டிருந்தாள்.

“நின்னுருச்சா?”

“நின்னுருச்சு.”

“பூசைக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி கோயில் இப்படித்தான் இருக்கும்” என்றாள்.

மேசையில் ஒரு டர்ன்டேபிள், அதற்கு இடப்பக்கம் ஒரு பிஸ்கட் டின், டின்னிலிருந்து ஒயர் போய்ச் சேரும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர். மேசைக்கு அடியில் இரண்டு லாரி பேட்டரி. சுழல்தட்டின் மேல், நாற்பத்தைந்து சுற்றில் ஓடும் சிறிய இசைத்தட்டு ஒன்று. அக்கா இளம்பெண்ணாக இருந்தபோது சேலத்தில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழு பாடியது. அதன் இரண்டாவது சரணத்தை இரண்டு பேர் சேர்ந்து பாடுவார்கள், அக்காவும் அவள் தோழியும். அந்த இருவரில் ஒருத்தி அரைத் தாளம் முந்தி நுழைந்துவிட்டாள். அது யார் என்று அக்காவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம் தெரியாமலே கழிந்த விஷயம். தோழி ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சியிலிருந்து சேலம் வருவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் தெரிந்தாக வேண்டும் என்றாள்.

அந்தத் தட்டு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. சென்னையில் பதிவு செய்துவிட்டு வந்து மூன்று மாதம் கழித்துப் பழுப்புத்தாள் சுற்றிய பார்சலாக வந்தது. பங்கு மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி, குழாய் ஸ்பீக்கரில் போட்டார்கள். பாட்டு மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். இரண்டாவது சரணம் வந்ததும் அவர் முகம் மாறியது. பதிவன்று ஸ்டுடியோவில் நேரம் முடிந்துவிட்டதால் திரும்பப் பாட முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பாட்டு முடிந்ததும் அவர் சொன்னது ஒரே வரி: “இடது பக்கம் நின்ன பொண்ணு முந்திருச்சு.” சொல்லிவிட்டுப் பங்குச் சாமியாரோடு பேசப் போய்விட்டார்.

பாடும்போது அந்த இருவரும் மாஸ்டரைப் பார்த்து நின்றிருந்தார்கள். தோழி தன் கணக்குக்கு இடது பக்கம். மாஸ்டர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இடது பக்கம் அக்கா. “நானா மாஸ்டர்?” என்று தோழி கேட்டது அவர் காதில் விழவில்லை. மற்றவர்கள் திரும்பித் தோழியைப் பார்த்தார்கள். அக்கா பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது, அது அவருடைய இடதாக இருக்கலாம் என்று. வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு தோழி பாட வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு கல்யாணமாகித் திருச்சி போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும், போகும். மாஸ்டரும் காலமாகிவிட்டார்.

பின்னாளில் நான் நாளிதழில் படத்துக்குக் கீழே ‘இடமிருந்து’ என்று எழுதும்போதெல்லாம் பார்ப்பவரின் இடதா, நிற்பவரின் இடதா என்று ஒருமுறை சரிபார்ப்பேன். முப்பத்தொரு ஆண்டு சேலம் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் எங்களிடம் இருந்தது மூடியிலேயே ஸ்பீக்கர் வைத்த ஒரு பெட்டி பிளேயர். ஒரே ஸ்பீக்கர். ஊசி துள்ளாமல் இருக்க அப்பா அதன் தலையில் ஒரு பத்துப் பைசா வைத்து நூலால் கட்டியிருந்தார். அந்தக் காசின் கனத்தில் தட்டு எவ்வளவு தேய்ந்தது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் அக்கா அந்தத் தட்டைப் போடுவாள். அம்மா முறுக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்பாள். முதல் சரணம் முடிந்ததும் அக்கா ஊசியை எடுத்துவிடுவாள். மிச்சத்தையும் போடு என்று அம்மா சொன்னால், “கரண்ட் வேஸ்ட்டு” என்பாள். அந்த வீட்டில் சாயங்கால வெளிச்சம் மேற்கு ஜன்னல் வழியாக அந்தப் பெட்டியின் மூடி மேல்தான் விழும்.

கல்யாணச் செய்தி வந்த வாரம் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அவகிட்ட நான்தான்னு சொல்லி மன்னிப்புக் கேக்கணும்” என்றாள்.

“கேளேன்.”

“கேட்டுட்டு, கடைசியில நான் இல்லைன்னா? பெரிய மனுசித்தனம் காட்ட வந்துட்டான்னு நினைப்பா.”

“அவங்கதான்னு தெரிஞ்சா?”

“அவதான்னா நான் வாயே திறக்க மாட்டேன். நல்லா சாப்பிட்டுட்டு வந்துருவேன்.”

தட்டின் உறையில் ஸ்டீரியோ என்று போட்டிருந்தது. பதிவில் ஒருத்திக்கு ஒரு பக்கம், மற்றவளுக்கு மறுபக்கம் மைக் வைத்ததாக அக்காவுக்கு நினைவு. அப்படியானால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகக் கேட்டால் குரல் தெரியும். கடைவீதியில் கிடைக்கிற ஒரு சூட்கேஸ் பிளேயரை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு குரலும் இரண்டு காதிலும் கலந்து வந்தன. எந்தப் பக்கத்தைக் குறைத்தாலும் மற்றது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பரணில் இருந்த டர்ன்டேபிள் ஞாபகம் வந்தது. எங்கள் பதிப்பில் புகைப்படக்காரராக இருந்த நண்பர், மகளோடு கோவைக்குப் போனபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தூசு தட்டி ஓட்டிப் பார்த்தேன். நாலு வீடு தள்ளி யாரோ மெதுவாகப் பாடுவது போல் கேட்டது. குமிழை முழுக்கத் திருகினால் பாட்டைவிட இரைச்சல்தான் கூடியது. ஊசி போய்விட்டது என்று நினைத்து நண்பருக்குப் போன் செய்தேன்.

“ஊசியெல்லாம் நல்லாத்தான்யா இருக்கு. அது மூவிங் காயில். சத்தம் அவ்வளவுதான் வரும். அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டெப்-அப் போடணும்.”

“அது எங்க?”

“வித்துட்டேன். ஆனா அந்த ஊசியை மட்டும் மாத்திராத. ரெண்டு பக்கத்தையும் அது கலக்காது.”

விஷயம் இவ்வளவுதான். ஊசியைத் தாங்கும் சின்னத் தலைக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். சாதாரண கார்ட்ரிட்ஜில் காந்தம் அசையும், சுருள் சும்மா இருக்கும். இதில் ஊசியின் மறுமுனையில் தலைமுடியை விடச் சன்னமான கம்பியில் சுருள் கட்டியிருக்கிறார்கள். அசைவது அந்தச் சுருள். கனம் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் சுற்று குறைவு. சுற்று குறைவு என்பதால் வரும் மின்சாரமும் குறைவு. என்னுடையதில் புள்ளி மூன்று மில்லிவோல்ட். டார்ச் செல் ஒன்றில் இருப்பது ஒன்றரை வோல்ட். அதை ஐயாயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குதான் இது. ஆம்ப்ளிஃபையர் எதிர்பார்ப்பது இதைப்போல் பத்து மடங்கு. நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் நின்று அதை ஏற்றிக் கொடுக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஒன்று.

பள்ளிபாளையத்தில் தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டு பம்ப் மோட்டாருக்கு இரண்டு முறை காயில் கட்டியவர் அவர். அவரிடம் போனேன். மோட்டார் ஒன்றின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தார்.

“ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேணுங்க.”

“வோல்டேஜ் கம்மிங்களா?”

“ரொம்பக் கம்மி.”

“எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க சார். பொழுது எறங்குனா பேன் சுத்தாது. எத்தன ஸ்டெப்புங்க வைக்கோணும்?”

“ஒண்ணுக்குப் பத்து.”

“பத்தா? எட்டே தாராளமுங்க.”

“இல்லைங்க, பத்துதான் சரியா இருக்கும். ரெண்டு வேணும்.”

“மொதல்ல ஒண்ணு கட்டித் தாரேன். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

நான் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அனுப்பும் செய்தியில் எண்ணையும் அலகையும் இரண்டு முறை சரிபார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அலகை நான் சொல்லவேயில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் டிவிஎஸ்ஸில் ஒரு பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிறப் பெயின்ட், மேலே கைப்பிடி, முன்னால் ஒரு சிவப்பு விளக்கு, ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட திருகு. நான் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

“பத்து ஸ்டெப்புங்க. நூத்தம்பது வோல்ட்டு வந்தாலும் ஏத்திக் குடுத்துரும்” என்றார். “ஃபிரிட்ஜுக்குத்தானுங்களே?”

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஃபிரிட்ஜுக்கேதான்” என்றாள். அவள் மூன்று வருடமாக ஸ்டெபிலைசர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய் டர்ன்டேபிளைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஊசியைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இதுக்குள்ள காயில் கட்டியிருக்குதுங்களா?”

“ஆமா.”

“ஏனுங்க சார், இது கொசுவுக்கு மோட்டார் கட்டுனாப்பல இருக்குது. நீங்க பாட்டுக்கு வோல்டேஜ் கம்மின்னா நான் என்னத்தக் கண்டேன்.” பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்துவதற்குச் சிறிது நேரம் ஆனது. டீ குடித்தபோது இன்னொரு முறை சிரித்தார்.

போகும்போது வாசலில் நின்று யோசித்தார். “மைக் செட்டுக்குள்ள சின்னதா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்குமுங்க. மைக்குல வார சத்தமும் இத்துணூண்டுதான். அத ஏத்திக் குடுக்கறதுக்கு. அது ஆவுமுங்களா?”

ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கோவை நண்பரைக் கேட்டேன். “அதேதான்யா” என்றார்.

பள்ளிபாளையம் கடையின் பரணில், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ஒரு மைக் செட்காரர் திரும்பி வாங்காத ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டு கிடந்தன. ஒன்றில் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்தது. மற்றதில் கம்பி அறுந்திருந்தது. இரண்டும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் ஒரு காதில் சத்தம் கூடும், ஒரு காதில் குறையும். அவர் கை மோட்டார் கம்பிக்குப் பழகிய கை. “இந்தக் கம்பி என் வெரலுக்கு அடங்காதுங்க” என்று சொல்லி வீட்டுக்குள் குரல் கொடுத்தார். அவர் மனைவி தறிக்குத் தார் சுற்றுகிறவர். நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் அதே ராட்டையில் அறுந்த சுருளை வைத்து, எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்த்தார். ஒவ்வொரு நூறுக்கும் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. அவிழ்த்து முடித்ததும் அதே கோடுகளின் கணக்கில் புதுக் கம்பியைச் சுற்றினார். நடுவில் ஒருமுறைகூடக் கம்பி அறவில்லை.

“நூலுன்னா முடிச்சுப் போட்டுக்கலாம். இதுல அதுவும் முடியாதுங்களே” என்றார் அந்த அம்மா. மொத்தச் சுற்றை அவர் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். ஏறக்குறைய ஒன்றுக்குப் பத்து.

“இன்னும் ரெண்டு பங்கு சுத்திவுட்டா சத்தம் இன்னும் ஏறுமுங்களே?” என்று காயில் கட்டுகிறவர் கேட்டார். ஏறாது. அந்தச் சின்னச் சுருளால் அவ்வளவு பாரம் இழுக்க முடியாது, பாட்டு சப்பையாகிவிடும். அவருக்கு அது உடனே புரிந்தது. “சின்ன மோட்டார்ல பெரிய தறிய மாட்டுனாப்பல” என்றார்.

வீட்டில் மாட்டியதும் சத்தம் வந்தது. கூடவே ஊரும் வந்தது. காலையிலிருந்து இரவு வரை ஓடும் தறி மோட்டார்களின் உறுமல் அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குள் புகுந்து, பாட்டோடு சேர்ந்து பத்து மடங்கு ஏறியது. இரும்பு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தபோது பாதி குறைந்தது. டின்னை மேசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு திசையில் இன்னும் குறைந்தது. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். அப்படியும் இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில், ஆர்கன் ஓயும் அந்த நொடியில், உறுமல்தான் மேலே நின்றது. நுழையும் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை.

மின்தடை அறிவிப்புகளைத் திருத்துவது எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருபவர்களுக்குத் தரும் வேலை. துணைமின் நிலையத்தின் பெயர், பராமரிப்புப் பணி, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, மின்சாரம் நிறுத்தப்படும் ஊர்கள். பல ஆண்டுகள் நான் அதைத் திருத்தியிருக்கிறேன். ஒருநாள் காலை ஐந்தாம் பக்கத்தில் எங்கள் ஊர் பெயரைப் பார்த்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் காயில் கட்டுகிறவருக்குப் போன் செய்தேன். டர்ன்டேபிளின் மோட்டார் பன்னிரண்டு வோல்ட். மைக் செட்காரர்கள் ஊர்வலத்தில் ஓட்டுவது போல் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் அவரிடம் இருந்தது. அவருடைய மைத்துனர் லாரி ஓட்டுகிறவர். பட்டறையில் நின்ற லாரியிலிருந்து இரண்டு பேட்டரியைக் கழற்றி முந்தின நாளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரமே தேவையில்லை.

அப்படித்தான் அந்தக் காலை ஒன்பது மணி நான்கு நிமிடம் வந்தது.

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பேலன்ஸ் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பி, ஊசியை இறக்கினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது.

“அப்பளம் பொரியிற மாதிரி பொரியுது” என்றாள். ஹெட்போன் போட்டவர்களின் உரத்த குரலில். முதல் சரணம் முடியும் இடம் வந்ததும் அவள் வலக்கை மடியிலிருந்து எழுந்து பாதியில் நின்றது. அவளே அதைப் பார்த்துவிட்டு இறக்கினாள்.

பிறகு, “பொரியிறது நின்னுருச்சு” என்றாள். “சுத்தமா இருக்கு.”

முதல் சரணத்தின் கோடுகள் பத்துப் பைசாவின் கனத்தில் தேய்ந்திருந்தன. இரண்டாவது சரணத்தின் மேல் எங்கள் வீட்டு ஊசி அதிகம் போனதில்லை.

அவள் கண்ணை மூடினாள். தாடை ஒருமுறை அசைந்தது. நான் ஊசியைத் தூக்கி, குமிழை வலப்பக்கம் திருப்பி மறுபடி போட்டேன். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

நானும் கேட்டேன். வலப்பக்கம் தோழி, ஆர்கன் ஓய்ந்து சரியான இடத்தில் தொடங்குகிறார். இடப்பக்கம் முதலில் மூச்சு இழுக்கும் சத்தம். ஆர்கன் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் குரல். பத்தொன்பது வயது. எங்கள் பழைய வீட்டில் மாடிப்படியிலிருந்து என்னைக் கூப்பிடும் குரல் அது. அதை நான் மறந்திருந்தேன்.

“மாஸ்டர் அவரோட இடதத்தான் சொல்லியிருக்காரு” என்றாள் அக்கா. ஆறிய காபியைக் குடித்தாள். பிறகு கேட்டாள்: “அடுத்த ஷட்-டவுன் எப்போடா?”

கல்யாண மண்டபத்தில் அவள் சொல்லிவிட்டாள். இலை போடுவதற்கு முன்னால், கை கழுவும் இடத்தில். முந்தினது தான் என்று மட்டும் சொல்லவில்லை. அன்று பங்கு மண்டபத்தில் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னாளாம். தோழி கையைத் துடைத்துக்கொண்டு, “காதால கேக்காம நான் எதுவும் சொல்றதா இல்ல” என்றாராம். “அப்புறம் அவ ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசல. ரெண்டு தடவை ரசம் வாங்கினா” என்றாள் அக்கா போனில்.

அடுத்த அறிவிப்பு ஏழாம் பக்கத்தில் வந்தது. திருச்சியிலிருந்து முந்தின நாளே அக்கா வீட்டுக்கு வந்து தங்கிய தோழியும் அக்காவும் ஆறேகால் பேருந்தில் வந்து இறங்கினார்கள். இருவரும் ஒரே உயரம் என்பதை அன்றுதான் கவனித்தேன். லாரி வெளியூர் போயிருந்ததால், காயில் கட்டுகிறவர் வேறு எங்கிருந்தோ பேட்டரி கொண்டுவந்திருந்தார்.

ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்குத் தறிகள் நின்றன. தோழி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசை ஓரத்தைப் பிடித்தபடி கேட்டார். அக்கா அவருக்குப் பின்னால் நின்றாள், உட்காரவில்லை. நான் முதலில் வலப்பக்கம் போட்டேன், பிறகு இடப்பக்கம்.

தோழி ஹெட்போனைக் கழற்றினார். திரும்பிப் பார்க்கவில்லை.

“நீதான்டி” என்றார்.

“ஆமா.”

“அதுக்கு எதுக்குடி இவ்வளவு ஒயரு? அன்னைக்கே சொல்லியிருந்தா பஸ் சார்ஜ் மிச்சம்.”

தோழி புடவைத் தலைப்பால் ஹெட்போனைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தம்பி, ரெண்டு பக்கமும் சேர்த்துப் போடுங்க.”

அன்று அந்தத் தட்டை ஏழு முறை போட்டேன். மின்சாரம் மாலை நான்கு ஐம்பதுக்கு வந்தது.